அப்பமும் இரசமும் இல்லாத திருப்பலி

பெங்களூரு: இறந்தவருக்காகச் செய்யும் பிரார்த்தனை வேறு, உயிரோடு இருப்பவருக்காகச் செய்யும் பிரார்த்தனை வேறு. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டுக்கும் தனித்தனி வழிபாட்டு முறை உண்டு. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், பெங்களூருவில் உள்ள சலேசிய சபைத் துறவிகள் முன்பு இவ்விரண்டில் எதைச் செய்வது என்பதே கேள்வியாக நின்றது.

அவர்களுடைய சபையைச் சேர்ந்த பாதிரியார் டாம் உழுன்னாலில், யேமன் நாட்டின் ஏடன் நகரில் ஆயுதம் தாங்கிய கும்பலால் கடத்திச் செல்லப்பட்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எங்கே இருக்கிறார், யார் பிடியில் இருக்கிறார் என்ற தகவல் இல்லை. பணம் கேட்டோ, நிபந்தனை விதித்தோ எவரும் வெளிப்படையாகப் பேசவில்லை. இந்த நிலையில், புனித வெள்ளியன்று அவரைச் சிலுவையில் அறைந்து கொல்லப்போகிறார்கள் என்றொரு செய்தி சமூக ஊடகங்களில் கிளம்பியது. சில நாள்களில் அது உலகெங்கும் பரவியது.

அந்த ஆண்டு புனித வெள்ளி மார்ச் 25-ஆம் தேதி வந்தது. குருத்தோலை ஞாயிறு தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையிலான புனித வாரம், கிறிஸ்தவர்களுக்கு ஆண்டின் மிக முக்கியமான வாரம். பெங்களூருவில் தமிழ், கன்னடம், ஆங்கிலம், மலையாளம், கொங்கணி எனப் பல மொழிகளில் வழிபாடுகள் நடக்கும். செஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தொடங்கிவைத்த சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் அந்த நாள்களில் நிற்க இடமிருக்காது. புனித வெள்ளியன்று மட்டும் திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை. இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும். மக்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தமிடுவார்கள். தம் சகோதரர் ஒருவர் அதே நாளில், அதே முறையில் கொல்லப்படுவார் என்ற செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, பெங்களூருவின் சலேசியத் துறவிகள் அந்த வரிசையில் நின்றார்கள்.

வதந்தி கடந்த தூரம்: வெள்ளிக்கிழமை கடந்தது. சனிக்கிழமை இரவு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் நடந்த உயிர்ப்புத் திருவிழிப்பு வழிபாட்டில், கர்தினால் கிறிஸ்டோஃப் ஷோன்போர்ன் இந்தக் கொலையை நடந்து முடிந்ததாகவே குறிப்பிட்டார் என்ற செய்தி வெளியானது. அதன் பிறகு வெளிநாட்டு நாளேடுகளும் அதை எடுத்துக்கொண்டன. கர்தினால் தவறான தகவலை நம்பிவிட்டார் என்று வியன்னா மறைமாவட்டம் பின்னர் விளக்கியது. தங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை, பரவுவதை நம்ப வேண்டாம் என்று பெங்களூருவிலிருந்து சபையின் செய்தித் தொடர்பாளர் கூறினார். அபுதாபியிலிருந்து தென் அரேபியப் பகுதியின் கத்தோலிக்கப் பணிகளுக்குப் பொறுப்பு வகித்த ஆயர் பால் ஹின்டர், பாதிரியார் உயிருடன் இருப்பதற்கான வலுவான அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்தார். தில்லியில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் (இவர் 2019-இல் காலமானார்), அவரை மீட்க எல்லா முயற்சிகளும் எடுக்கப்படுவதாக மார்ச் 26-ஆம் தேதி அறிவித்தார்.

மெத்தப் படித்த கர்தினால் ஒருவரே நம்பும் அளவுக்கு அந்த வதந்திக்கு வலு எங்கிருந்து வந்தது? ஆதாரத்திலிருந்து அல்ல, பொருத்தத்திலிருந்து. ஒரு பாதிரியார், ஒரு சிலுவை, ஒரு புனித வெள்ளி. இம்மூன்றும் ஒன்றோடொன்று அத்தனை பொருந்தி நின்றதால், கதையைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழவில்லை. அது கதைதான் என்பது பின்னர் உறுதியானது. ஆனால் அந்த வாரத்தைக் கடந்தவர்களுக்கு அது கதையாக இருக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஏடனுக்கு: இத்தாலியின் டூரின் நகரில் 1859-இல் புனித ஜான் போஸ்கோ தொடங்கிய சலேசிய சபை, இந்தியாவில் முதலில் கால் வைத்த இடம் தஞ்சாவூர். 1906-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி அங்கு வந்து சேர்ந்த அயல்நாட்டுத் துறவியரின் சிறு குழுதான், இன்று நாடெங்கும் பள்ளிகளும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் நடத்தும் சபையின் வேர். பெங்களூருவில் தனி மாகாணம் 1979-இல் அமைந்தது. பெங்களூரு ரயில் நிலையத்தில் வந்திறங்கி, போக்கிடம் தெரியாமல் திரியும் சிறுவர்களைத் தேடிச் சென்று அழைத்துவரும் 'போஸ்கோ' அமைப்பு வழியாக இந்தச் சபையை நகர மக்கள் அறிவார்கள்.

வெளிநாட்டிலிருந்து மிஷனரிகளைப் பெற்ற நாடு, வெளிநாட்டுக்கு மிஷனரிகளை அனுப்பும் நாடாக மாறியது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில். பெங்களூரு மாகாணத்தின் பொறுப்பில் வந்த இடங்களில் யேமனும் ஒன்று. கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் ராமபுரத்தில் 1958-இல் பிறந்த டாம் உழுன்னாலிலுக்கு முன்பே, அவருடைய உறவினரான மாத்யூ உழுன்னாலில் என்ற பாதிரியார் அங்கு பணியாற்றியவர். யேமனில் வாழும் அயல்நாட்டுக் கிறிஸ்தவத் தொழிலாளர்களுக்கும், 1973 முதல் அங்கு முதியோரையும் ஊனமுற்றோரையும் பராமரித்துவரும் அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சகோதரிகளுக்கும் வழிபாடு நடத்துவது இவர்களுடைய வேலை. முஸ்லிம் நாடொன்றில் மதமாற்றம் செய்யப்போனவர்கள் என்று எண்ணுவோர் இங்கும் உண்டு. உண்மையில் அங்கு நடந்தது முதியோருக்குச் சோறூட்டுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும்தான். அதற்கு ஆபத்து இல்லாமல் இல்லை. 1998-இல் ஹொடைதா நகரில் இச்சபையின் மூன்று சகோதரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2015-இல் யேமனில் உள்நாட்டுப் போர் முற்றியபோது இந்திய அரசு 'ஆபரேஷன் ராஹத்' என்ற பெயரில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து மீட்டது. சனாவில் இருந்த இந்தியத் தூதரகமும் மூடப்பட்டது. ஏடனில் இருந்த சகோதரிகள் வெளியேறவில்லை. அவர்கள் பராமரித்த சுமார் 80 முதியவர்களை ஏற்றிச் செல்ல எந்த நாட்டுக் கப்பலும் வரவில்லை என்பதே காரணம். பாதிரியார் டாமும் அங்கேயே இருந்தார். அவர் தங்கியிருந்த ஏடன் திருக்குடும்ப ஆலயம் அந்த ஆண்டு தாக்கப்பட்டபின், சகோதரிகளின் இல்லத்திலேயே தங்கினார்.

2016 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து, சிற்றுண்டிக்குப்பின் சகோதரிகள் முதியோரைக் கவனிக்கச் சென்றுவிட்டனர். பாதிரியார் சிற்றாலயத்தில் பிரார்த்தனையில் இருந்தார். எட்டரை மணியளவில் துப்பாக்கி ஏந்தியவர்கள் இல்லத்துக்குள் புகுந்தனர். ஜார்க்கண்டைச் சேர்ந்த சகோதரி ஆன்செல்ம், ருவாண்டாவைச் சேர்ந்த மார்கரெட், ரெஜினெட், கென்யாவைச் சேர்ந்த ஜூடித் ஆகிய நான்கு கன்னியர்களும், காவலாளிகள், பணியாளர்கள் உள்ளிட்டோருமாக மொத்தம் 16 பேர் கொல்லப்பட்டனர். இல்லத் தலைவியான சகோதரி சாலி ஒரு கதவின் பின்னால் நின்று உயிர் பிழைத்தார். முதியவர்களுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. பாதிரியார் காரில் ஏற்றிச் செல்லப்பட்டார். இத்தாக்குதலுக்கு எந்த அமைப்பும் பொறுப்பேற்கவில்லை. அவர்களுக்காகக் குரல் கொடுக்காத உலகின் அலட்சியமும் இந்தச் சகோதரிகளைக் கொன்றது என்ற பொருள்பட, மறைந்த போப் பிரான்சிஸ் அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினார்.

மனத்தில் நடந்த பூசை: உலகம் அவரைச் சிலுவையில் அறைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் பாதிரியார் டாம் என்ன செய்துகொண்டிருந்தார்? விடுதலைக்குப்பின் ரோமிலும் இந்தியாவிலும் அவர் கூறியவற்றிலிருந்து இதற்கு விடை கிடைக்கிறது. திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார், அப்பமும் இல்லாமல், திராட்சை இரசமும் இல்லாமல், பூசைப் புத்தகமும் இல்லாமல்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் இன்றித் திருப்பலி கிடையாது. அவை இல்லாமல் ஒரு குரு என்ன சொன்னாலும் அது திருச்சபைச் சட்டப்படி திருப்பலி ஆகாது. இது பாதிரியாருக்குத் தெரியாதது அல்ல. ஆயினும் பல ஆண்டுகளாக நாள்தோறும் சொல்லிச் சொல்லி மனத்தில் படிந்துபோன அந்தச் சொற்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசை தவறாமல் மனத்துக்குள் சொன்னார். போப்பாண்டவருக்காக, தம் ஆயருக்காக, தம் சபைச் சகோதரர்களுக்காக, கொல்லப்பட்ட நான்கு சகோதரிகளுக்காக வேண்டினார். தம்மைக் கடத்தியவர்களுக்காகவும் வேண்டியதாகக் கூறினார். திருப்பலியில் போப்பின் பெயரைச் சொல்லி வேண்டும் இடம் ஒன்று உண்டு. யேமனில் எங்கோ ஓர் அறையில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த நாள்களில், 2016 ஏப்ரல் 10-ஆம் தேதி, வாடிகன் சதுக்கத்தில் கூடிய மக்கள் முன்னிலையில் போப் பிரான்சிஸ் இவருடைய பெயரைச் சொல்லி விடுதலைக்கு வேண்டுகோள் விடுத்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே திருநின்றவூர் பூசலார் நாயனார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். கோயில் கட்டப் பொருள் கிடைக்காத அவர் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, மதில் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை நாம் பூசலாரின் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது என்று சொன்னதாகப் பெரிய புராணம் கூறும். மதங்கள் வேறு, ஆனால் பொருள் இல்லாதவனின் பூசை எங்கே நடக்கும் என்ற கேள்விக்கு இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

இதை வேறொருவரின் சிறைவாசத்தோடும் ஒப்பிடலாம். வியத்நாமின் ஆயர் நுயென் வான் துவான் 1975 முதல் 13 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அதில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று வலிக்கு மருந்து என்ற பெயரில் வெளியிலிருந்து வந்த சிறிதளவு இரசத்தை உள்ளங்கையில் மூன்று துளி விட்டு, ஒரு துளி நீர் சேர்த்துத் திருப்பலி நிறைவேற்றினார். பாதிரியார் டாமுக்கு அந்த மூன்று துளிகூட இல்லை.

மனப்பாடம் என்பதை இழிவாகப் பேசுவது இக்காலத்தில் ஒரு வழக்கம். பொருள் உணராமல் ஒப்பிப்பது பிரார்த்தனை ஆகாது என்று போதகர்களே சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் புத்தகம் பறிக்கப்பட்ட இடத்தில், மனம் புதிய சொற்களைத் தேடும் வலுவை இழந்த நேரத்தில், முன்பே நாவில் ஏறி உட்கார்ந்த சொற்கள்தான் துணைக்கு வருகின்றன. பாதிரியார் டாமின் அனுபவத்தில் காட்சிகளோ அசரீரியோ அற்புதங்களோ இல்லை. காலையில் எழுந்து செய்யவேண்டிய ஒரு வேலை இருந்தது, அதைச் செய்தார். மறுநாள் மீண்டும் செய்தார். ஆறுதல் என்று அவர் சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

அந்த ஆறுதலை மிகைப்படுத்தவும் கூடாது. அவர் உயிர் பிழைத்ததற்குப் பிரார்த்தனையே காரணம் என்று பக்தர்கள் சொல்லும்போது ஒரு நெருடல் எழத்தான் செய்கிறது. அன்று காலை அதே சிற்றாலயத்தில், அதே திருப்பலியில், அதே செபங்களைச் சொன்னவர்கள்தாம் அந்த நான்கு சகோதரிகளும்.

மற்றொரு சிறைவாசி: இவருக்கு முன்பே இதே வழியில் நடந்தவர் ஒரு தமிழர். சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார், தமிழகத்தின் முகாம்களில் இலங்கைத் தமிழ் அகதிகளிடையே ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர். இயேசு சபை அகதிகள் பணி அமைப்பின் சார்பில் ஆப்கானிஸ்தான் சென்ற அவர், 2014 ஜூன் 2-ஆம் தேதி ஹெராத் மாகாணத்தில், நாடு திரும்பிய அகதிகளின் குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றைப் பார்வையிடச் சென்றபோது கடத்தப்பட்டார். எட்டு மாதங்களுக்கு மேல் பிணைக்கைதியாக இருந்து, 2015 பிப்ரவரி 22-இல் விடுதலையானார். அன்று மாலையே தில்லி வந்திறங்கிய அவரைக் குடும்பத்தினர் விமான நிலையத்தில் எதிர்கொண்டனர். பிரதமர் நரேந்திர மோடியே அச்செய்தியை அறிவித்தார். அகதிகளைத் தேடிப்போனவர் தாமே இருப்பிடமற்றவராகி மீண்ட கதை அது. அவர் மீண்டு வந்த அனுபவம் இருந்ததால்தான், மறு ஆண்டு பாதிரியார் டாம் கடத்தப்பட்டபோது இவரும் வருவார் என்ற நம்பிக்கையைத் தில்லியிலும் பெங்களூருவிலும் பலரால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் இவருடைய காத்திருப்பு இரு மடங்கு நீண்டது. 2016 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் பிரதிநிதிகளைச் சந்தித்த சுஷ்மா ஸ்வராஜ், பாதிரியார் பாதுகாப்பாக இருக்கிறார் என்று உறுதியளித்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி அன்னை தெரசா புனிதராக அறிவிக்கப்பட்டபோது வாடிகன் சென்ற இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அன்னையின் சகோதரிகளுக்குப் பூசை வைத்தவர் அன்று ஆறாவது மாதமாகப் பிணைக்கைதி.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு காணொளி வெளியானது. நரைத்த தாடியுடன் மெலிந்து காணப்பட்ட பாதிரியார், தாம் ஐரோப்பியராக இருந்திருந்தால் இந்நேரம் கவனித்திருப்பார்கள், இந்தியர் என்பதால் மதிப்பில்லாமல் போயிற்று என்ற பொருளில் அதில் பேசினார். அந்தக் காணொளிகள் கடத்தியவர்களின் ஏற்பாடு என்பதையும், தம்மை அடித்துத் துன்புறுத்தவில்லை என்பதையும் அவர் பின்னாளில் தெரிவித்தார். என்றாலும் அந்த வாக்கியம் கேட்டவர்களைத் தைத்தது. யார் எழுதிக்கொடுத்திருந்தாலும், பொய்யென்று உடனே தள்ளிவிடக்கூடியதாக அது இல்லை.

557 நாள்: ஓமன் நாட்டின் முயற்சியால் 2017 செப்டம்பர் 12-ஆம் தேதி பாதிரியார் டாம் விடுவிக்கப்பட்டார். கடத்தப்பட்டு 557 நாள்கள் ஆகியிருந்தன. மஸ்கட் வந்து, அங்கிருந்து ரோம் சென்றார். உடல் எடை சுமார் 30 கிலோ குறைந்திருந்தது. நீரிழிவு நோயாளியான தமக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள் என்பதைக் கடத்தியவர்களின் கணக்கில் அவர் நன்மையாகவே எழுதிக்கொண்டார். மறுநாள் போப் பிரான்சிஸைச் சந்தித்தபோது அவர் காலில் விழுந்தார். போப் அவரைத் தூக்கி நிறுத்தி, அவருடைய கைகளை முத்தமிட்டார்.

செப்டம்பர் 28-இல் தில்லி வந்து பிரதமரையும் வெளியுறவு அமைச்சரையும் சந்தித்த அவர், மறுநாள் பெங்களூரு வந்தார். கடத்தப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. தம் மாகாணத்துக்குத் திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை. பிணைத்தொகை ஏதும் கொடுக்கப்பட்டதா என்று செய்தியாளர்கள் கேட்டனர். அதுபற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதே அவர் பதில். கடத்தியவர்கள் மீது தமக்குக் கோபம் இல்லை என்றும் சொன்னார்.

ரோமில் முதல் நாள் நடந்த ஒன்றை அவருடைய சபையினர் பதிவு செய்துள்ளனர். வாடிகனில் உள்ள சலேசிய இல்லத்துக்கு வந்து சேர்ந்த அவரை இந்திய முறையில் வரவேற்று, இந்திய உணவு சமைத்து வைத்திருந்தனர். அவர் முதலில் சிற்றாலயத்துக்குப் போகவேண்டும் என்றார். பிறகு திருப்பலி நிறைவேற்ற விரும்பினார். மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும் என்பதால் அதற்கு உடனே வழியில்லை. அப்படியானால் ஒப்புரவு அருட்சாதனம் பெற ஒரு குருவானவர் வேண்டும் என்று கேட்டார். பாவமன்னிப்புக்கு இன்னொரு குருவின் காது வேண்டும்; பதினெட்டு மாதங்களாக மனத்துக்குள் அவரால் செய்துகொள்ள முடியாமல் போனது அது ஒன்றுதான்.